சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அந்த ஆஸ்பத்திரியில் பைலட் என்றால் விமானம் ஓட்டுகிறவர் இல்லை. நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகிறவர். யாரோ ஒரு நர்ஸ் விளையாட்டாக வைத்த பேர், அவருடைய சொந்தப் பேரை விழுங்கி ஏப்பமும் விட்டுவிட்டது. வீடு தேடி வருகிற உறவுக்காரர்கள்கூடத் தெருமுனையில் 'பைலட் வீடு எது' என்றுதான் கேட்பார்கள். வழி சொன்னவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வந்து பார்த்தால் ஒரு பழைய சைக்கிளும் துணி காயும் கொடியும்தான் இருக்கும்.

வேலையைப் பார்த்தால் பேர் பொருத்தம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே இருந்த ஸ்ட்ரெச்சர்களில் சொன்ன பேச்சைக் கேட்காத சக்கரம் ஒன்றாவது இல்லாத வண்டி கிடையாது. நேராகத் தள்ளினால் இடது பக்கச் சுவரில் போய் முட்டும். பைலட் இடது கைக்குக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தம் கொடுத்து அதை வழிக்குக் கொண்டுவருவார். வாசல்படி வந்தால் உடம்புக் கனத்தைக் கைப்பிடியில் இறக்குவார். முன் சக்கரங்கள் விரற்கடை எழும்பி, படியைத் தாண்டி, சத்தமில்லாமல் கீழே இறங்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவருக்குத்தான் அந்த விரற்கடையின் அருமை தெரியும்.

எப்போதும் நோயாளியின் கால் முன்னால் போகும். பைலட் தலைமாட்டில் நின்று தள்ளுவார். படுத்திருப்பவருக்கு மேலே கூரை தெரியும், அண்ணாந்தால் பைலட்டின் மோவாய் தெரியும், அவர் குனிந்தால் முகம் தலைகீழாகத் தெரியும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அத்தனை காலமும் அவருக்கு உறைக்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

தியேட்டர் வாசலுக்குள் நாலடி தள்ளித் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. வெளியே நடந்த செருப்பு அதைத் தாண்டக் கூடாது. பைலட் ஸ்ட்ரெச்சரை மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் உருட்டிவிட்டு, சுவரோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே இருக்கிற ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். உடனே வந்தால் நல்லது. உள்ளே தரை கழுவிக்கொண்டிருந்தால் தாமதமாகும். அந்த இடைவெளியில் நோயாளி தனியாகக் கிடப்பார். கூட வந்த சொந்தபந்தம் வாசல் கதவுக்கு வெளியே, டாக்டர் உள்கதவுக்கு அப்பால். உலகத்திலேயே ஆளில்லாத இடம் அதுதான் என்று தோன்றும்.

அதனால்தான் பைலட் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். வண்டியை நிறுத்தியதும் குனிந்து, வாய் நிறையச் சிரித்து, சொல்வார்.

"பயப்படாதீங்க. உங்களுக்கு முன்னாடியே கடவுள் உள்ள போயாச்சு. நீங்க வருவீங்கன்னு அங்க காத்துக்கிட்டிருக்கார்."

பத்துப் பேரில் ஒருவராவது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழைச்சிடுவேனா?" என்று கேட்பார். அதற்குப் பைலட்டிடம் பதில் கிடையாது. இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரிப்பார். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கொண்டுவரப் போய்விடுவார்.

வாக்கியம் அவருடைய அம்மா கொடுத்தது. சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இருட்டறை ஒன்று இருந்தது. போய் நாலு கட்டை எடுத்துவா என்றால் பையன் கதவருகே நின்று அழுவான். "உனக்கு முன்னாடியே கடவுள் உள்ள போயிட்டார், போடா" என்பாள் அம்மா. பையனும் போவான், கட்டையோடு வருவான். அது பக்தியா, வேலை வாங்குகிற தந்திரமா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்து குழந்தை மாதிரி அழுதபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தவருடைய வாயில் அம்மாவின் வார்த்தைதான் வந்தது. பெரியவர் அழுகையை நிறுத்திவிட்டார். மாத்திரைக்குக் கேட்காத படபடப்பு அதற்குக் கேட்கிறது என்று நர்ஸ்களும் பேச ஆரம்பித்தார்கள். ரொம்பப் பயந்த நோயாளி என்றால், "பைலட்டை வரச் சொல்லுங்க" என்பார்கள்.

அவரோடு வண்டி தள்ளுகிற இன்னொருவர் இருந்தார். அவரைக் கோட்டான் என்று கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கிற ஆசாமி. நோயாளியிடம் அவர் பேசிய அதிகபட்சப் பேச்சு, "கையை உள்ள வைங்க." கடவுள் விவகாரத்தில் அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. பைலட் தன் வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் கோட்டான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பைலட்டுக்கே அந்த வாக்கியத்தில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். இருந்தது, ஆனால் பஸ் கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள இடமிருக்கு' என்று சொல்வதில் எவ்வளவு நம்பிக்கை இருக்குமோ அவ்வளவு. நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவரைத் திறந்து பார்க்க வைத்தது ஒரு பெண்.

அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இதயத்தில் ஏதோ அடைப்பு. பைலட்தான் தள்ளிக்கொண்டு போனார், வழக்கம்போல் குனிந்தார், சிரித்தார், சொன்னார். வேன் டிரைவர் தலையாட்டினார். மாலையில் அவரை வேறு கதவு வழியாக வெளியே கொண்டுவந்தார்கள், முகம் மூடியிருந்தது. மறுவாரம் ஏதோ காகிதம் வாங்க வந்த அந்தப் பெண் பைலட்டை நடைபாதையில் பார்த்து நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அண்ணே, உள்ள கடவுள் இருக்கார்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்கள்ல. நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். இருந்தார்னா எங்கப்பா ஏன் வெளிய வரல?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பதில் வராது என்று தெரிந்துகொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு சில நாள் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. கோட்டான் மாதிரி வண்டியை நிறுத்தினார், திரும்பினார். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தவர்கள் அழுதால் என்ன செய்வது. வேறு வார்த்தை கைவசம் இல்லை. பழைய வார்த்தையே திரும்ப வந்தது. உள்ளுக்குள் மட்டும் அது பாதாமில் சொத்தை மாதிரி கசந்துகொண்டிருந்தது. இதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவருக்கே குடலிறக்கம் வந்தது. காலமெல்லாம் கனத்தைத் தள்ளிய உடம்பு. அடிவயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தெரிந்த ஆளாயிற்றே என்ற உரிமையில் சிரித்தார்.

"பைலட், உங்களுக்குத் தெரியாததா? சின்ன ஆபரேஷன். இப்பவே பண்ணிடலாம். தள்ளிப்போட்டா ஒரு நாள் குடல் வெளிய வந்து சிக்கிக்கும். அப்புறம் அது சின்ன ஆபரேஷன் இல்ல, உயிருக்கே ஆபத்து."

சின்ன ஆபரேஷன் என்று பைலட்டும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் அவருக்குத் தியேட்டர் கதவே வேறு மாதிரி தெரிந்தது. கோட்டைத் தாண்டி உள்கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கடவுள் இருக்கிறார் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

குறித்த நாள் வந்தது. வார்டில் அவரையே கட்டிலில் படுக்கவைத்து, முதுகில் நாடா கட்டுகிற பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். மனைவி வெளியே உட்கார்ந்திருந்தாள். அந்த வேளையில் பைலட் செய்த காரியம், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தார். நர்ஸ்கள் டீ குடிக்கிற அறைக்குள் நுழைந்தார். ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு தம்ளர் டீயை மடக்கு மடக்கென்று குடித்தார். வெறும் வயிறு இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கா தெரியாது. எத்தனை நோயாளிகளை, 'ஒரு வாய் தண்ணி கூடாது' என்று அவரே அதட்டியிருக்கிறார்.

அதோடு நின்றிருந்தால் மானம் போயிருக்காது. திரும்பி வரும் வழியில் நடைபாதையில் ஒரு ஸ்ட்ரெச்சர் ஆளில்லாமல் நின்றது. அதில் ஒரு நடுவயதுக்காரர் மிரள மிரள விழித்துக்கொண்டு படுத்திருந்தார். அதைப் பார்த்ததும் பைலட்டின் கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று. தள்ளிக்கொண்டே போனார். வாசல்படியில் அழுத்தி ஏற்றினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் உருட்டினார். குனிந்து சிரித்தார்.

"பயப்படாதீங்க. உங்களுக்கு முன்னாடியே..."

"ஐயா," என்றார் படுத்திருந்தவர், "நீங்களும் நோயாளியா?"

அவருடைய பார்வை பைலட்டின் பச்சை அங்கியின் மேல் இருந்தது. பின்னால் நாடா அவிழ்ந்து முதுகு முழுக்கத் திறந்திருப்பதைப் பைலட் அப்போதுதான் உணர்ந்தார். தேடிக்கொண்டு வந்த கோட்டான் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் நின்று நாடாவைக் கட்டிவிட்டார்.

டீ விஷயம் தெரிந்ததும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. ஆஸ்பத்திரி முழுக்கச் சிரித்தது. பைலட்டும் கூடச் சேர்ந்து சிரித்தார், வேறு வழி.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். சட்டைக் கம்பெனி ஒன்றுக்குக் காலர் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. நாலு காலர் தைத்து முடிக்கிறவரை பேசவில்லை. பைலட் ஜன்னலோரம் உட்கார்ந்து, இல்லாத கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் கடைசியில், "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்க. உங்களுக்கு மட்டும் அது கிடையாதா?"

"நீ வேற."

"நான் வேற இல்ல. கேக்குறேன். டீயைக் குடிச்சு ஏமாத்தினது டாக்டரையா, கடவுளையா?"

அவள் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவரால் பொய் சொல்ல முடிந்ததே இல்லை. வேன் டிரைவர் பெண் கேட்ட கேள்வியைச் சொன்னார்.

"நான் சொன்னதை நம்பித்தான் அந்த மனுஷன் தலையாட்டினார். அவரை ஏமாத்திட்டேனோன்னு இருக்கு. உள்ள யாருமே இல்லையோ என்னவோ. நான் பார்த்ததில்லையே. பார்க்காத இடத்துக்கு இத்தனை பேரை அனுப்பியிருக்கேன். இப்ப நான் போகணும்."

அவளுக்கும் அதற்கு விடை தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசுகிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியல," என்றாள். "ஆனா நம்ம பொண்ணு பிரசவத்துக்குப் போனப்ப, நீங்க டியூட்டியில இருந்தப்ப, நான் வெளிய தனியா உக்காந்திருந்தேன். கடவுளே, நீ இங்கேயே இருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வேற யாரைக் கூப்பிடுறது? பயம் வந்தா போறதுக்கு எனக்கு வேற வீடு தெரியாது."

மறுபடி மெஷின் ஓட ஆரம்பித்தது.

பைலட் திரும்ப வேலைக்குப் போனார். கனம் தள்ளக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், கேட்டால்தானே. ஒரு பருமனான ஆளைச் சாய்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் சுரீரென்றது. புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி நின்றுகொண்டது. வண்டியை விட்டால் அது பின்னால் உருளும், பிடித்திருந்தால் உயிர் போகும் போலிருந்தது. கோட்டான் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். பைலட்டை அங்கேயே தரையில் படுக்கவைத்து, காலை மடக்கி, டாக்டர் வந்து மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளுகிறவரை அவர் பட்ட பாடு நாய் படாது. டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி சிக்கினா நான் அழுத்திப் பார்க்க மாட்டேன் பைலட். அழுத்தினாலும் போகாது. நாளைக்குக் காலையில படுங்க."

இருதலைக்கொள்ளி எறும்பு என்பதற்கு அதுவரை பைலட்டுக்கு அர்த்தம் தெரியாது. போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம். அன்றைக்கு அவர் டீ அறைப் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் காலை அங்கியை மாட்டும்போது பேசாமல் கையை நீட்டினார்.

வண்டி தள்ள வந்தவர் கோட்டான்.

ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்ததும் பைலட்டுக்குத் தெரிந்த முதல் விஷயம், இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கூரை இருக்கிறது என்பது. இத்தனை காலம் நடந்த நடைபாதையில் அவர் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. குழல்விளக்குகள் ஒவ்வொன்றாக மேலே வந்து பின்னால் போயின. ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. நீர் கசிந்து பழுப்பேறிய ஒரு திட்டு, கழற்றிப் போட்ட மின்விசிறியின் கொக்கி ஒன்று. எல்லாரும் இதையா பார்த்துக்கொண்டு வந்தார்கள் என்று நினைத்தார். வாசல்படியில் கோட்டான் கைப்பிடியை அழுத்தி, விரற்கடை எழுப்பி, சத்தமில்லாமல் இறக்கினார். பயல் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று அந்த நிலையிலும் ஒரு சந்தோஷம் வந்தது.

தியேட்டர் கதவு திறந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சுவரோரம் ஏற்கனவே ஒரு ஸ்ட்ரெச்சர் நின்றது, அதில் போர்வை மூடி யாரோ படுத்திருந்தார்கள். உள்ளே தரை கழுவுகிற சத்தம் கேட்டது. கோட்டான் பைலட்டின் வண்டியை அதற்குப் பக்கத்தில் உருட்டி நிறுத்தினார்.

"கோட்டான், கொஞ்சம் நில்லுப்பா," என்றார் பைலட்.

"அடுத்த கேஸ் இருக்கு அண்ணே."

போகப் போன கோட்டான் நின்றார். ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். சொல்ல வராமல், தலைமாட்டிலிருந்து குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நோயாளியைப் பார்த்துச் சிரித்தார். கீழிருந்து பார்த்த பைலட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் நெற்றி இருந்தது. உதட்டின் இரண்டு ஓரமும் கீழே தொங்கின. சிரிப்பு மாதிரியே இல்லை. அழப்போகிற முகம். கோட்டான் போன பிறகும் அந்த முகம் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் தன் சிரிப்பும் இத்தனை பேருக்கும் இப்படித்தானே தெரிந்திருக்கும் என்று அவர் யோசித்தார். ஆறுதல் சொல்லுகிறேன் பேர்வழி என்று இத்தனை பேரையும் பயமுறுத்தியிருக்கிறேன்.

"யாரது பேசினது?" என்றது பக்கத்து ஸ்ட்ரெச்சர். வயதான பெண்குரல், ஆனால் கடைவீதியில் கூவிப் பழகிய குரல். "தள்ளிக்கிட்டு வருவாரே, அவரா?"

பைலட் தலையைத் திருப்பினார். அந்த அம்மாளும் திருப்பினாள். இருவரும் படுத்தபடி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமாம்மா. நான்தான்."

"குரலை வச்சுத்தான் சொன்னேன். மூஞ்சி எங்க ஞாபகம் இருக்கு, தலைகீழாத்தானே பார்த்தேன். நான் பழக்கடை வச்சிருக்கேன் தம்பி. போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்தாங்க, இப்ப பித்தப்பையை எடுக்கப் போறாங்களாம். எடுத்து எடுத்துக் கடைசியில கூடையை மட்டும் வீட்டுக்கு அனுப்புவாங்க போல." அவளே சிரித்து, வலியில் நிறுத்திக்கொண்டாள். "அட, வண்டிக்காரரையே வண்டியில ஏத்திட்டாங்களே. பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

"எனக்கும்தான்."

இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் கிடைக்காது.

"அம்மா, போன தடவை நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருப்பேன்."

"எனக்கு முன்னாடியே கடவுள் உள்ள போயாச்சுன்னு சொன்னீங்க."

"அது வந்து... இருந்தாரா?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். "சொன்னவரே கேட்டா எப்படி?"

"நான் உள்ள போனதில்லம்மா. இந்தக் கோட்டோட சரி."

பழக்கடைக்காரம்மா யோசித்தாள். அழுகின பழத்தை நல்ல பழம் என்று சொல்கிற முகம் இல்லை அது.

"இருந்தார்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கடையில குனிஞ்சு பழம் அடுக்கிக்கிட்டு இருக்கும்போது, பின்னாடி ஒருத்தர் வந்து நிப்பாங்க. திரும்பிப் பார்க்கமாட்டோம். ஆனா ஆள் நிக்குதுன்னு தெரியும்ல. அப்படித்தான். மயக்க மருந்து ஏறுற வரைக்கும் தெரிஞ்சுது. பார்த்தேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

பைலட் கண்ணை மூடினார். பிறகு, யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததைக் கேட்டார். "ஒருத்தர்கிட்ட இதையே சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வரல. இருந்தார்னா ஏன் வரலன்னு அவர் பொண்ணு கேட்டுச்சு. என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

"கடவுள் அவரைப் பொழைக்க வைப்பார்னா நீங்க சொன்னீங்க?"

"இல்ல. உள்ள இருக்கார்னுதான்..."

"என்கிட்டயும் அதைத்தானே சொன்னீங்க. பொழைச்சு வருவேன்னு சொல்லல. எனக்கு அது ஞாபகம் இருக்கு, ஏன்னா நான் கேட்டேன், நீங்க சொல்லல." அவள் பெருமூச்சு விட்டாள். "வந்தா கடவுள் கூட வர்றோம். வரலன்னா அவர் கூட போறோம். அந்த மனுஷன் தனியா போயிருக்கமாட்டார் தம்பி. அந்தப் பொண்ணைப் பார்த்தா அதைச் சொல்லுங்க."

பைலட்டின் கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகும் என்பதும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க குனிஞ்சு சொன்னப்ப, உங்க மூஞ்சி அழற மாதிரி இருந்துச்சு. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் நமக்காக அழறாரேன்னு நெனச்சேன். அதுலயே பாதி பயம் போயிடுச்சு."

அது சிரிப்பு என்று சொல்ல பைலட் வாயெடுத்தார். அதற்குள் உள்கதவு திறந்து, முகத்தைத் துணியால் மூடிய தியேட்டர் ஆள் வந்துவிட்டான். முதலில் அந்த அம்மாளின் வண்டியைத்தான் பிடித்தான். வண்டி நகர ஆரம்பித்தது.

"நான் முன்னாடி போறேன் தம்பி," என்றாள் அவள். "நீங்க வெளிய நிக்கிறீங்கன்னு அவர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

கதவு மூடிக்கொண்டது. இப்போது பைலட் தனியாகக் கிடந்தார், எத்தனையோ பேரைக் கிடத்திவிட்டுப் போன அதே இடத்தில். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது கதை. இருட்டறைக் கதவருகே நின்ற பையன் அப்படியே இருந்தான். ஆனால் அம்மா அந்த வார்த்தையைத் தந்திரமாகச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்ற சந்தேகம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. எப்படிச் சொன்னாலும், உள்ளே போனபோதெல்லாம் பையன் கட்டையோடு வந்திருக்கிறான், தனியாக இருந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. பைலட்டுக்குப் பெரிய பிரார்த்தனை எதுவும் தெரியாது. "நான் வந்திருக்கேன்" என்று மட்டும் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

தியேட்டர் ஆள் திரும்பி வந்தான். அவரை அடையாளம் தெரிந்துகொண்டு கண்ணால் சிரித்தான்.

"பைலட் அண்ணே, பயமா?"

"பயம் இருக்கு. அவரும் உள்ள இருக்கார். தள்ளு."

தையல் பிரித்து, கனம் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனைவி அவரை வேலைக்கு விட்டாள். பழக்கடைக்காரம்மாவும் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருந்தாள். வேன் டிரைவரின் பெண்ணைப் பைலட் பிறகு பார்க்கவில்லை. அவள் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வேலையில் அவர் மாற்றிக்கொண்டது இரண்டே விஷயம். கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தியதும் தலைமாட்டிலிருந்து பேசுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்றிப் பக்கவாட்டில் வந்து, முகம் நேராகத் தெரியும்படி நிற்பார். உள்ளே இருந்து ஆள் வந்து வண்டியைப் பிடிக்கிறவரை நகர மாட்டார். அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்று யாராவது கத்தினால், கத்தட்டும் என்று விட்டுவிடுவார். அந்த நேரத்தில் கோட்டான் பேசாமல் போய் அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்.

வாக்கியம் பழைய வாக்கியமேதான். ஒரு நாள் ஒரு சின்ன வயதுப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணே, என்னைப் பொழைக்க வச்சிடுவாரா?"

பைலட் சிரிக்கவில்லை. கையையும் விடுவித்துக்கொள்ளவில்லை.

"அது எனக்குத் தெரியாதும்மா," என்றார். "தனியா விடமாட்டார். அது தெரியும்."